சுதந்திரம் பேசிய பழைய புத்தகங்கள்: சேர்ப்பதும் காட்சிக்கு வைப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

18-ஆம் நூற்றாண்டில் சுதந்திரம், உரிமை, குடியரசு என்று அச்சில் சண்டை போட்ட நூல்களைப் பதினான்கு வருடமாகச் சேர்த்துவருகிறேன். அவற்றைக் கல்லூரிகளில் நான்கு முறையும் ஒரு நூலக அரங்கில் ஒரு முறையும் காட்சிக்கு வைத்திருக்கிறேன். போகும் இடமெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. நின்று பதில் சொல்ல நேரம் இல்லாமல் எத்தனையோ பேரைப் பாதியில் அனுப்பியிருக்கிறேன். அவர்களுக்காகத்தான் இதைத் தொகுத்தேன். கேள்விகள் அவரவர் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

“புரட்சிக் காலம்னு சொல்றீங்களே, எந்தப் புரட்சி சார்?”

மூன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். 1776-இல் விடுதலையை அறிவித்த அமெரிக்கா, 1789-இல் வெடித்த பிரான்ஸ், 1791-இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்து 1804 ஜனவரி 1 அன்று தனி நாடாக எழுந்து நின்ற, கரீபியக் கடலின் ஹெய்தி. மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அதை நான் ஏன் விடுவதில்லை என்பது பின்னால் வரும்.

புத்தகங்கள் புரட்சி வரும்வரை காத்திருக்கவில்லை. ஜான் லாக்கின் அரசாங்கம் பற்றிய இரு ஆய்வுரைகள் 1689 கடைசியிலேயே வந்துவிட்டன. ரூசோவின் சமுதாய ஒப்பந்தம் 1762-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. அதே ஆண்டு ஜெனீவாவில் அதைக் கொளுத்தினார்கள். ஆகவே என் அலமாரி லாக்கில் தொடங்கி ஹெய்தியில் முடிகிறது. இடையில் இருப்பது முழுக்க வாக்குவாதம்.

“அரிய புத்தகம்னா ரொம்பப் பழைய புத்தகம்தானே?”

இல்லை. 1770-இல் அச்சான ஒரு பிரசங்கத் தொகுப்பு சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கலாம். 1791-இல் வந்த சில பக்கத் துண்டுப்பிரசுரம் எந்த விலைக்கும் கிடைக்காமல் போகலாம். எத்தனை பிரதி தப்பியிருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள், எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்துதான் அருமையைத் தீர்மானிக்கின்றன.

இந்தத் துறையில் தலைகீழான ஒரு விஷயம் உண்டு. தடித்த தோல்கட்டு நூல்கள் பிரபுக்களின் அலமாரியில் பத்திரமாகத் தூங்கின. அவை நிறையத் தப்பின. மக்களைக் கிளப்பிவிட்ட மலிவுச் சிறுநூல்கள் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டு, கிழிந்து, அடுப்புக்குப் போயின. அதிகமாக அச்சடித்ததே இன்று அதிகம் அரிதாக இருக்கலாம்.

“இதெல்லாம் கோடீஸ்வரங்க சமாச்சாரம் இல்லையா? மாசச் சம்பளக்காரன் என்ன பண்ண முடியும்?”

செய்தித்தாளில் வருவது கோடீஸ்வரர்கள் வாங்குவதுதான். அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் அச்சுப் பிரதி ஒன்று 2021 நவம்பரில் 4.32 கோடி டாலருக்கு ஏலம் போனது. அமெரிக்கா பிரிட்டனை விட்டுப் பிரிய வேண்டும் என்று வாதிட்ட டாம் பெயினின் சிறுநூல் ‘காமன் சென்ஸ்’; அதன் முதல் பதிப்பு லட்சக்கணக்கான டாலர். அந்தப் பக்கம் நாம் போகப்போவதில்லை.

ஆனால் அதே காலத்துப் பதில் நூல்கள், மறுபதிப்புகள், நாடாளுமன்ற உரைகளின் அச்சு, பிரெஞ்சுச் சட்டமன்றம் வெளியிட்ட ஆணைத் தாள்கள் ஆகியவற்றில் பல ஒரு நல்ல செல்பேசியின் விலைக்குள் அடங்கும். பிரெஞ்சுப் புரட்சியின் சிறுநூல்கள் அவ்வளவு ஏராளமாக அச்சாயின. சிகாகோவின் நியூபெரி நூலகத்தில் மட்டும் 30,000-க்கு மேல் இருக்கின்றன. நான் வருடத்துக்கு இரண்டு வாங்குகிறேன். சில வருடம் ஒன்றுதான். பணத்தைவிடப் பொறுமைதான் அதிகம் செலவாகிறது.

“எதுலேர்ந்து ஆரம்பிக்கிறது? ஒரு லிஸ்ட் குடுங்களேன்.”

பட்டியல் தரமாட்டேன். பட்டியலை வைத்து வாங்குபவர் புகழ்பெற்ற பெயர்களின் பின்னால் ஓடி, விலை கட்டாமல் பாதியில் விட்டுவிடுவார். ஒரு சண்டையைத் தேர்ந்தெடுங்கள். அதில் பேசிய எல்லோரையும், எதிர்த்தரப்பையும் சேர்த்து, தேடுங்கள். என்னை இழுத்த சண்டையைச் சொல்கிறேன்.

1790 நவம்பர் 1 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து ‘ரிஃப்ளெக்‌ஷன்ஸ்’ நூலை லண்டனில் வெளியிட்டார். மரபை வெட்டி எறிந்தால் ரத்தம்தான் மிஞ்சும் என்பது அவர் வாதம். ஒரு மாதம் முடிவதற்குள் ஆங்கில எழுத்தாளர் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் பதில் நூல் கொடுத்துவிட்டார். முதல் பதிப்பில் பெயர் இல்லை. அடுத்த மாதமே வந்த இரண்டாம் பதிப்பில் பெயர் போட்டுக்கொண்டார். 1791-இல் டாம் பெயின் ‘ரைட்ஸ் ஆஃப் மேன்’, அதாவது மனிதனின் உரிமைகள், முதல் பாகத்தோடு வந்தார். அதை அச்சிட்ட ஜோசப் ஜான்சன் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட, ஜே. எஸ். ஜோர்டன் என்பவர் துணிந்து வெளியிட்டார். 1792-இல் பெயினின் இரண்டாம் பாகமும், பெண்ணின் உரிமைகளுக்காக உல்ஸ்டன்கிராஃப்ட் எழுதிய நூலும் வந்தன. இந்தச் சண்டையில் இறங்கி எழுதியவர்கள் ஏராளம். பெயர் தெரியாத பாதிரியார்கள், வக்கீல்கள், கையெழுத்துப் போடாத ‘ஒரு குடிமகன்’கள். அவர்களுடைய நூல்கள்தான் நம் கைக்கு எட்டுபவை.

எனக்கு இந்தச் சண்டையில் மறக்க முடியாத இடம் 1792 டிசம்பரில் நடந்த வழக்கு. பெயின் அதற்குள் பிரான்சுக்குப் போய்விட்டார்; அவர் இல்லாமலே விசாரித்துத் தண்டித்தார்கள். அரசுத் தலைமை வழக்கறிஞர் சொன்னது இதுதான்: முதல் பாகம் விவரம் தெரிந்த வாசகர்களிடம் மட்டும் போகும் என்று நினைத்து விட்டுவிட்டேன், இரண்டாம் பாகமோ எல்லார் கையிலும் திணிக்கப்படுகிறது, குழந்தைகளின் மிட்டாயைக்கூட அந்தத் தாளில் சுற்றித் தருகிறார்கள். ஒரு கருத்து குற்றமாவது அது என்ன சொல்கிறது என்பதால் மட்டும் இல்லை, என்ன விலைக்கு விற்கிறது என்பதாலும்தான் என்று எனக்கு அங்கே புரிந்தது. அன்றிலிருந்து நான் தேடுவது ஆறு பென்ஸ் மலிவுப் பதிப்புகளை. தோல்கட்டு வேண்டாம்.

“எஸ் எழுத்தெல்லாம் எஃப் மாதிரி இருக்கே, அச்சுப்பிழையா?”

பிழை இல்லை. சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும் அந்த நீள ‘எஸ்’ 1800 வரை சாதாரண வழக்கம். பத்துப் பக்கம் படித்தால் கண் பழகிவிடும். பக்கத்தின் அடியில் தனியாக ஒரு சொல் நிற்கிறதே, அதுவும் பிழை இல்லை. அடுத்த பக்கம் எந்தச் சொல்லில் தொடங்குகிறது என்று அச்சகத்தார் வைத்துக்கொண்ட அடையாளம்.

“முதல் பதிப்பான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? வருஷம் பார்த்தா போதாதா?”

போதாது. நான் சொன்ன லாக்கையே எடுங்கள். கடைக்கு வந்தது 1689-இல். முகப்பில் அச்சான ஆண்டு 1690. ஆசிரியர் பெயரே கிடையாது. ஆண்டை மட்டும் நம்பினால் இப்படி வழுக்கும்.

‘காமன் சென்ஸ்’ இதற்கு நல்ல பாடம். 1776 ஜனவரியில் ஃபிலடெல்ஃபியாவில் ராபர்ட் பெல் அச்சிட்டார். விலை 2 ஷில்லிங். லாபத்தில் தன் பங்கைப் போர்வீரர்களுக்குக் கையுறை வாங்கக் கொடுக்கலாம் என்று பெயின் இருந்தார். பெல்லோ லாபமே இல்லை என்று சொல்லிவிட்டார். கோபத்தில் பெயின், கூடுதல் பகுதிகளை எழுதி பிராட்ஃபோர்ட் அச்சகத்துக்குப் போய்விட்டார். அங்கே விலை 1 ஷில்லிங். பெல்லும் விடாமல், பெயினின் அனுமதி இல்லாமலே மறுபடி அச்சிட்டு, வேறு யாரோ எழுதியதையெல்லாம் பின்னால் ஒட்டி விற்றார். அந்த ஒரே ஆண்டில் அமெரிக்காவில் 25 பதிப்புகள். எல்லாவற்றிலும் 1776 என்றுதான் இருக்கும். மூன்று மாதத்தில் 1,20,000 பிரதி விற்றதாகப் பெயினே சொன்னார். அன்றைய கை அச்சு இயந்திரங்களால் அவ்வளவு முடியாது என்று பின்வந்த ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். நான் அவர்கள் பக்கம்.

ஆகவே செய்ய வேண்டியது: முகப்புப் பக்கத்தை வரிவரியாக ஒப்பிடுங்கள், வரி எங்கே உடைகிறது என்பது உட்பட. பக்க எண்ணிக்கையைச் சரிபாருங்கள். அச்சடித்த பெரிய தாளை மடித்த ஒவ்வொரு கட்டுக்கும் பக்க அடியில் ஓர் அடையாள எழுத்து இருக்கும்; அந்த மடிப்பு எழுத்துகளை வரிசையாக எண்ணுங்கள். ஒரு மடிப்பு குறைந்தால் பக்கம் காணவில்லை என்று பொருள். 1801-க்கு முந்தைய ஆங்கில நூல்களுக்கு ஈ.எஸ்.டி.சி. என்ற பெரிய அட்டவணை இருக்கிறது. அமெரிக்க அச்சுகளுக்குச் சார்லஸ் எவன்ஸின் எண் வரிசை. விற்பவர் அந்த எண்ணைச் சொல்லாவிட்டால் கேளுங்கள். நல்ல வணிகர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

“பிரெஞ்சுப் புத்தகம், ஆனா ‘லண்டன்’னு போட்டிருக்கு. ஏமாத்தா?”

ஏமாற்றுதான், ஆனால் உங்களை இல்லை, அரசாங்கத் தணிக்கையை. புரட்சிக்கு முன் பிரான்சில் அனுமதி பெறாத நூலை லண்டன், ஆம்ஸ்டர்டாம் என்று பொய் ஊர் போட்டு அச்சிடுவது வழக்கம். கொலோன் நகரத்துப் பியேர் மார்ட்டோ என்ற பதிப்பாளரின் பெயர் நூறாண்டுக்கு மேல் புத்தகங்களில் வந்தது. அப்படி ஒரு ஆளே கிடையாது. தடை செய்யப்பட்ட சரக்குக்கு வணிகர்கள் வைத்திருந்த மறைமொழி ‘தத்துவ நூல்கள்’. ஆபாசக் கதையும் அரசியல் கண்டனமும் ஒரே பெயரில் ஒரே மூட்டையில் எல்லை தாண்டின.

ஆண்டிலும் ஒரு சிக்கல் வரும். ‘சுதந்திரத்தின் 3-ஆம் ஆண்டு’ என்று இருந்தால் 1789-இலிருந்து எண்ணுங்கள், 1791 வரும். ‘குடியரசின் 2-ஆம் ஆண்டு’ என்றால் 1792 செப்டம்பர் 22-இலிருந்து எண்ண வேண்டும். அது 1793 செப்டம்பரில் தொடங்கி அடுத்த செப்டம்பர் வரை. இரண்டையும் குழப்பிக்கொண்டு விலைப்பட்டியல் போட்ட வணிகர்களைப் பார்த்திருக்கிறேன்.

“அமெரிக்காவுல இருக்கிற என் மச்சான் சுதந்திரப் பிரகடனத்தோட ஒரிஜினல் வாங்கிட்டு வந்திருக்கார். பழுப்பா, மொறுமொறுன்னு இருக்கு.”

மச்சான் மனம் நோகாமல் சொல்லுங்கள், அது சுற்றுலாக் கடைச் சரக்கு. மொறுமொறுப்பும் பழுப்பும்தான் காட்டிக்கொடுக்கின்றன. அந்தக் காலத்துத் தாள் கந்தல் துணியைக் கூழாக்கிச் செய்தது. இன்றும் துணி மாதிரி வளையும். வெளிச்சத்தில் பிடித்தால் கம்பிச் சல்லடையின் கோடுகள் தெரியும்.

உண்மையானதை ஜான் டன்லப் 1776 ஜூலை 4 இரவு ஒற்றைத் தாளாக அச்சிட்டார். சுமார் 200 பிரதி. இன்று இருப்பது தெரிந்து 26. அதில் ஒன்று 1989-இல் பென்சில்வேனியாவில் ஒரு பழம்பொருள் சந்தையில் 4 டாலருக்கு வாங்கிய படச் சட்டத்துக்குப் பின்னால் மடித்துவைக்கப்பட்டிருந்தது. 1991-இல் 24 லட்சம் டாலருக்கும், 2000-இல் 81 லட்சம் டாலருக்கும் விற்றது. இந்தக் கதை உண்மை என்பதுதான் தொல்லை. கேட்ட ஒவ்வொருவரும் தன் வீட்டுத் தாளும் அதுதான் என்று நம்புகிறார்கள். எனக்கே ஆரம்பத்தில் ஒரு வணிகர் 19-ஆம் நூற்றாண்டு நகலை 1776 என்று விற்றார். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் வாங்கினேன். திருப்பிக் கொடுக்கலாமா என்று எழுத்தில் கேட்டுக்கொண்ட பிறகே பணம் அனுப்புவது என்று அன்று முடிவு செய்தேன்.

“ஓரமெல்லாம் யாரோ கிறுக்கி வெச்சிருக்காங்க. தள்ளிடலாமா?”

தயவுசெய்து தள்ளாதீர்கள். சுத்தமான பிரதியைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். நானோ யாராவது படித்துக் குறிப்பெழுதிய பிரதியைத் தேடுகிறேன்.

‘காமன் சென்ஸ்’ 1776-லேயே லண்டனில் ஜான் ஆல்மன் பதிப்பாக வந்தது. மன்னரைத் திட்டும் இடங்களை அச்சிட்டால் சிறை. அதனால் அந்தச் சொற்களை எடுத்துவிட்டு இடத்தைக் காலியாக விட்டு அச்சிட்டார். வாசகர்கள் சிலர் விடுபட்ட சொற்களைத் தெரிந்துகொண்டு, காலி இடங்களில் பேனாவால் எழுதி நிரப்பினார்கள். அப்படி நிரப்பிய பிரதிகள் இன்றும் இருக்கின்றன. தணிக்கையும் அதற்கு வாசகன் கொடுத்த பதிலும் ஒரே வரியில் கிடக்கின்றன. இதைவிட நல்ல காட்சிப்பொருள் எனக்குத் தெரியவில்லை.

குறிப்புகள் உடைமையாளரையும் காட்டிக்கொடுக்கும். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சன் முன்பக்கத்தில் பெயர் எழுதமாட்டார். மடிப்பு எழுத்து ‘ஐ’ வரும் இடத்தில் அதற்கு முன்னால் ஒரு ‘டி’ சேர்த்துத் தன் முதலெழுத்துகளை உண்டாக்கிவிடுவார். (அன்று ‘ஐ’யும் ‘ஜே’யும் ஒரே மடிப்பு எழுத்து.) செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகம் தன் அலமாரிகளில் பல ஆண்டுகள் கவனிக்காமல் கிடந்த ஜெஃபர்சனின் 74 தொகுதிகளை 2011-இல் அடையாளம் கண்டது.

“அட்டை பிஞ்சிடுச்சு. புதுசா பைண்டிங் பண்ணி, பக்கத்தை லேமினேட் பண்ணிடலாமா?”

வேண்டாம். லேமினேஷன் செய்த தாளைத் திரும்ப மீட்க முடியாது. செல்லோ டேப்பும் அப்படித்தான்; பத்து வருடத்தில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். சிறுநூல்கள் பெரும்பாலும் அட்டையே இல்லாமல், ஓரத்தில் மூன்று துளை போட்டு நூலால் தைத்து விற்கப்பட்டவை. அந்தத் தையல் இருந்தால் அதுவே பொக்கிஷம். ஓரம் வெட்டி, புது அட்டை போட்டால் அது இன்னொரு புத்தகமாகிவிடும்.

பிய்ந்த அட்டையை அப்படியே பருத்தி நாடாவால் கட்டி, அமிலமில்லாத அட்டைப் பெட்டிக்குள் வையுங்கள். தைக்க வேண்டிய நிலை வந்தால் காகிதப் பாதுகாப்பு படித்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

“நம்ம ஊர் வெக்கையிலயும் ஈரத்துலயும் இதெல்லாம் தாங்குமா?”

தாங்கும். பலரும் நம்பமாட்டார்கள்: 1792-இல் அச்சான என் சிறுநூல், 1920-களில் அச்சான தமிழ்ப் புத்தகங்களைவிட உறுதியாக இருக்கிறது. முன்னது கந்தல் துணித் தாள். பின்னது மரக்கூழ்த் தாள். தன் அமிலத்தாலேயே பொடிகிறது.

ஆபத்து ஈரத்தின் ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது. பகலில் ஏசி போட்டு இரவில் அணைப்பது, ஏசியே போடாமல் இருப்பதைவிட மோசம். ஈரப்பதத்தை 50 சதவீதத்தை ஒட்டி நிலையாக வைக்கப் பாருங்கள். ஒரு மானி வாங்கி அலமாரிக்குள் வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வேண்டாம். இராமபாணப் பூச்சிக்கு நம் வீடுகளில் வசம்பு வைப்பது உண்டு. நானும் துணியில் முடிந்து, தாளில் படாமல் வைக்கிறேன். ஆனால் பூச்சி துளைத்த புத்தகம் புதிதாக வந்தால் வசம்பு போதாது. காற்றுப் புகாத பையில் கட்டி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் உறைய வைத்து, பையைப் பிரிக்காமல் மெதுவாக அறை வெப்பத்துக்குக் கொண்டுவாருங்கள். அதுவரை மற்ற புத்தகங்கள் பக்கம் விடாதீர்கள்.

“வெள்ளைக் கையுறை போடாம தொடறீங்களே?”

கையுறை போட்டால் விரலுக்குத் தாள் தெரியாது, ஓரம் கிழியும். சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த கைதான் நல்லது. பிரிட்டிஷ் நூலகமும் புத்தகங்களுக்கு இதைத்தான் சொல்கிறது. புகைப்படங்களுக்குத்தான் கையுறை.

“கண்காட்சியில எப்படித் திறந்து வைக்கிறது? எவ்வளவு நாள் வைக்கலாம்?”

புத்தகத்தைத் தட்டையாகத் திறக்கக் கூடாது. எந்தக் கோணத்தில் தானாக நிற்கிறதோ அந்தக் கோணத்துக்கு இருபுறமும் சாய்வான தாங்கி செய்யுங்கள். கெட்டி அட்டையில் வீட்டிலேயே செய்யலாம். பக்கத்தைப் பிடித்துவைக்க மைலார் என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் நாடா, இறுக்காமல். ரப்பர் பேண்டும் கிளிப்பும் வேண்டவே வேண்டாம்.

வெளிச்சம் 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு). கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும். பார்வையாளர்கள் குறை சொல்வார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு மேல் ஒரே பக்கத்தைத் திறந்து வைக்க வேண்டாம். ஒரு கல்லூரியில் என் பெட்டியை மேற்கு ஜன்னலுக்கு அருகில் வைத்துவிட்டார்கள். காலையில் எல்லாம் சரியாக இருந்தது. மூன்று மணிக்கு வெயில் நேராகப் புத்தகத்தின் மேல். அன்றிலிருந்து காட்சிக்கு முந்தைய நாள் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் அந்த அறையில் நின்று பார்க்காமல் பெட்டியைத் திறப்பதில்லை.

“ஜனங்க எட்டிப் பார்த்துட்டு ரெண்டு நிமிஷத்துல போயிடறாங்க. எப்படி நிக்க வைக்கிறது?”

எனக்கும் முதல் இரண்டு கண்காட்சிகள் அப்படித்தான் போயின. விளக்க அட்டையில் நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு, பதிப்பு என்று எழுதியிருந்தேன். யாருக்கு வேண்டும் அது? இப்போது ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கேள்வியைத் தமிழில் பெரிதாக எழுதுகிறேன். ‘இதை விற்றவருக்கு என்ன ஆனது?’ பதில் கீழே இருக்கும்: பெயினின் மலிவுப் பதிப்பை விற்ற எச். டி. சைமண்ட்ஸ் லண்டன் நியூகேட் சிறைக்குப் போனார். ‘இதை வாங்க ஒரு கூலியாள் எத்தனை நாள் உழைக்க வேண்டும்?’ என்று கேட்டால் மாணவர்கள் தங்களுக்குள் பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

அப்புறம், பெட்டிக்கு வெளியே ஒரு மேசை. அதில் அதே நூலின் நகலை, அதே அளவில், அதே மாதிரித் தைத்து வைக்கிறேன். கையில் எடுக்கலாம், படிக்கலாம், ஓரத்தில் எழுதலாம். கண்ணாடிக்குள் பார்த்த பொருள் எவ்வளவு சின்னது, எவ்வளவு லேசானது, சட்டைப் பைக்குள் எப்படி ஒளிக்கலாம் என்பது கைக்குத்தான் தெரியும். ஆல்மன் பதிப்பின் காலி இடங்களை நகலெடுத்து வைத்து, நிரப்புங்கள் என்று ஒரு பேனாவும் வைத்தேன். அன்று அரங்கை மூட நேரமாகிவிட்டது.

“சுதந்திரம் பேசினவங்களே அடிமை வெச்சிருந்தாங்க. அவங்க புத்தகத்தைக் கண்ணாடிப் பெட்டியில வெச்சுக் கொண்டாடணுமா?”

எனக்கு வந்த கேள்விகளில் இதைத்தான் மிகவும் மதிக்கிறேன். கேட்டவர் முதலாண்டு மாணவி. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதிய ஜெஃபர்சன் தன் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தார். இதைச் சின்ன எழுத்தில் அடிக்குறிப்பாகப் போடும் கண்காட்சி பொய் சொல்கிறது.

நான் செய்வது, அதே ஆண்டுகளில் அடிமைப்பட்டவர்களும் பெண்களும் எழுதிய நூல்களைச் சமமான உயரத்தில் பக்கத்தில் வைப்பது. அசல் கிடைக்காவிட்டால் நகல், நகல் என்று தெளிவாக எழுதி. ஃபிலிஸ் வீட்லியின் கவிதைகள் லண்டனில் 1773-இல் வந்தன. ஏழெட்டு வயதில் பாஸ்டனில் விற்கப்பட்டவர். ஏற்றிவந்த கப்பலின் பெயரையே அவருக்கு வைத்தார்கள். ஓர் அடிமைப் பெண் இதை எழுதியிருக்க முடியும் என்று பாஸ்டனின் 18 பெரிய மனிதர்கள் போட்ட சான்று நூலின் முன்னால் இருக்கிறது. நான் அந்தப் பக்கத்தைத்தான் காட்டுவேன். ஒலாடா எக்வியானோ 1789-இல் தன் வாழ்க்கையைத் தானே வெளியிட்டு, உரிமையை யாருக்கும் விற்காமல், தன் காலத்திலேயே ஒன்பது பதிப்பு கண்டார். ஒலிம்ப் தெ கூஜ் 1791-இல் பெண்ணின் உரிமைப் பிரகடனத்தை 17 பிரிவுகளாக எழுதினார்; 1793 நவம்பர் 3 அன்று கில்லட்டினில் தலை போனது.

ஹெய்தியை விடமாட்டேன் என்று முதல் பதிலில் சொன்னது இதனால்தான். அவர்களுடைய விடுதலைப் பிரகடனத்தின் அச்சுப் பிரதி ஒன்றுகூட எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருந்தது. 2010-இல் ஓர் ஆய்வு மாணவி லண்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் கண்டெடுத்தார். டன்லப் தாளின் 26 பிரதிகளுக்கு ஊர் ஊராகக் கணக்கு இருக்கிறது. அடிமைகள் தாங்களே வென்ற சுதந்திரத்தின் தாளோ 200 ஆண்டு கோப்புக்குள் கிடந்தது. இந்த இரண்டு தகவலையும் ஒரே அட்டையில் எழுதி வைக்கிறேன்.

“எல்லாம் சரி, நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

இல்லாத தொடர்பை ஒட்டவைக்க வேண்டாம்; இருப்பதே போதும். ரெய்னால் பாதிரியார் பெயரில் 1770 முதல் வந்த ‘இரு இந்தியாக்களின் வரலாறு’ ஐரோப்பியர் இந்தியாவில் நடத்திய வணிகத்தை விரிவாகப் பேசுகிறது. பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரியும் அதில் வருகிறது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் தீதரோ நிறைய எழுதிச் சேர்த்த அந்த நூலைப் பாரிஸில் 1781-இல் தீயிட உத்தரவிட்டார்கள். நம் கடற்கரை ஒரு புரட்சி நூலுக்குள் இருக்கிறது.

மறு திசையிலும் பாருங்கள். ஜோதிராவ் புலே பெயினின் ‘ரைட்ஸ் ஆஃப் மேன்’ படித்து வளர்ந்தவர். 1873-இல் தன் ‘குலாம்கிரி’யை அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1880-களில் சென்னையில் ‘தத்துவ விவேசினி’ நடத்திய சுயசிந்தனையாளர்கள் லண்டன் பகுத்தறிவாளர்களோடு தொடர்பில் இருந்தார்கள். பாரதியின் ‘இந்தியா’ இதழ் முகப்பில் ‘சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்’ என்று தாங்கி வந்தது. ரூசோவை வெ. சாமிநாத சர்மா ‘சமுதாய ஒப்பந்தம்’ என்று தமிழில் தந்தார். சர்மாவின் பழைய பதிப்பு ஒன்றை வாங்கி 1762-இன் நகலுக்குப் பக்கத்தில் வையுங்கள். உங்கள் தாத்தா படித்த பிரதியாகவும் இருக்கலாம்.

“எல்லாமே இணையத்துல இலவசமா கிடைக்குதே, எதுக்குக் காசு?”

படிப்பதற்கு இணையம் போதும்; நானும் அங்கேதான் படிக்கிறேன். பிரெஞ்சு தேசிய நூலகத்தின் கலிக்கா தளத்திலும் நியூபெரியின் தொகுப்பிலும் நாள் கணக்கில் மூழ்கலாம். திரையில் தெரியாதவை தாள், அளவு, தையல், ஒரே கட்டுக்குள் அந்தக் கால வாசகர் எதை எதனோடு சேர்த்துத் தைத்தார் என்பது. என்னிடம் இருக்கும் ஒரு கட்டில் பெயினின் நூலும் அதைத் திட்டும் இரண்டு நூல்களும் ஒன்றாக இருக்கின்றன. யாரோ ஒருவர் மூன்றையும் படித்துவிட்டுத்தான் முடிவெடுத்தார்.

“திருட்டுப் புத்தகமான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?”

நூலக முத்திரை இருந்து, நீக்கப்பட்டதற்கான முத்திரை இல்லாவிட்டால் அந்த நூலகத்துக்கே எழுதிக் கேளுங்கள். முத்திரை இருந்த இடத்தில் தாள் சுரண்டப்பட்டிருந்தால், முகப்புப் பக்கத்தின் மேல் மூலை வெட்டப்பட்டிருந்தால் காரணம் கேளுங்கள். அரிய நூல் வணிகர்களின் பன்னாட்டுச் சங்கம் காணாமல் போன நூல்களின் பதிவேடு வைத்திருக்கிறது. ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். இந்தியாவுக்குள் வாங்கிய பழம்பொருளை வெளிநாட்டுக்கு எடுத்துப்போக 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தடை உண்டு. கையெழுத்துப் பிரதி, ஆவணங்களுக்கு 75 ஆண்டு, மற்றவற்றுக்கு 100 ஆண்டு வரம்பு. வெளிநாட்டுக்கு விற்க நினைப்பவர்கள் முதலில் தொல்லியல் துறையைக் கேட்க வேண்டும்.

“உங்களுக்கு அப்புறம் இதெல்லாம் என்ன ஆகும்?”

இரண்டு பேரை வைத்து யோசித்தேன். தாமஸ் ஹாலிஸ் என்ற ஆங்கிலேயர் சுதந்திரம் பேசும் நூல்களை வாங்கி, கட்டின் மேல் விடுதலையின் சின்னமான தொப்பியைப் பொன் முத்திரையாகப் பதித்து, ஊர் ஊராக நூலகங்களுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். 1764 ஜனவரியில் ஹார்வர்டின் நூலகம் எரிந்தபோது பெட்டி பெட்டியாகக் கொடுத்தார். ஜெஃபர்சன் 1815-இல் தன் 6,487 தொகுதிகளை 23,950 டாலருக்கு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு விற்றார். 1851-இல் தீயில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. இப்போது அங்கே அந்த நூலகத்தைத் திரும்ப அடுக்கிவைத்திருக்கிறார்கள். அவருடைய சொந்தப் பிரதிகளில் பச்சை நாடா இருக்கும்; இன்னும் கிடைக்காத நூல்களின் இடத்தில் வெள்ளைப் பெட்டிகள் நிற்கின்றன.

என்னிடம் இருப்பது ஒரே அலமாரி. ஹாலிஸ் வழியை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றுக்கும் எங்கே, எப்போது, என்ன விலைக்கு வாங்கினேன் என்று ஒரு தாள் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். எங்கள் மாவட்டத்தில் ஒரு கல்லூரி நூலகரிடம் பேசியாகிவிட்டது. ஒரே நிபந்தனை: பெட்டிக்குள் பூட்டிவைத்தாலும், மேசை மேல் தைத்த நகலும் பேனாவும் எப்போதும் இருக்க வேண்டும். முதல் பெட்டி வருகிற ஜூனில் போகிறது, ஆறு பென்ஸ் பதிப்புகளோடு.